தோளுக்கும் மண்ணுக்கும் நடுவே

ஆலங்குடி,
5-7-1943

தம்பி ஆத்மநாதனுக்கு,

மூன்று வருஷத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இடையில் நமக்குள் போய் வந்ததெல்லாம் பஸ் பார்சல்தான். தூசிப் புள்ளிகளை மையால் மூட, டச்சிங்குக்கு அனுப்பும் படங்களின் மேல் "நாற்பது, அவசரம்" என்று நீ பென்சிலால் எழுதுவாய். "நாற்பது, முடிந்தது" என்று நான் எழுதித் திருப்புவேன். அதற்கு மேல் உன்னோடு பேச ஒன்றுமில்லை என்றிருந்தேன். இப்போது இருக்கிறது.

நீ சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் மானத்தைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டி வைத்து வேடிக்கை காட்டுகிறவனுக்குச் சுகத்துக்கு என்ன குறை.

போன மாதம் நாடகக் கொட்டகையில் உன் மச்சானும் பயில்வான் மதுரைவீரனும் அரைமணி நேரம் குஸ்தி போட்டார்கள். இரண்டு தோளும் மண்ணில் பட்டவன் தோற்றான் என்பது விதி. யாருக்கும் படவில்லை, ஆட்டம் சமம் என்று நடுவர் ரெங்கசாமி கையைத் தூக்கிச் சொன்னார். அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை இவர் புதுக்கோட்டைக்குப் போனார். கீழ ராஜ வீதியில் உன் ஸ்டுடியோ வாசலில் ஒரே கூட்டமாம். எட்டிப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிப் படத்தில் இவர் மல்லாந்து கிடக்கிறார், மேலே மதுரைவீரன். இரண்டு தோளும் மண்ணில். "அந்தா பாரு, படத்துல தெளிவா இருக்கு. ரெங்கசாமிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று ஒருவன் சொன்னானாம். இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

உனக்குத் தெரியாததில்லை. புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இவரைத் தேகப்பயிற்சி வாத்தியாராக எடுக்கக் கமிட்டி ஆகஸ்ட் இரண்டாம் தேதி கூடுகிறது. தோற்காத பயில்வான் என்ற பெயருக்காகத்தான் கூப்பிட்டார்கள். இப்போது உன் படத்தைக் காட்டி மதுரைவீரனின் ஆட்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். எங்கே உட்கார்ந்து எடுத்தாய்? எந்த லென்ஸ்? காமிரா தரையிலிருந்து எவ்வளவு உயரம்? நான் சொல்லட்டுமா? மெத்தை நாற்காலி வரிசை, வேட்டிக் கரை மடங்காமல் உட்கார்ந்துகொண்டு, அப்பா கோபுரம் எடுக்க வாங்கின நீள லென்ஸைப் போட்டு எடுத்திருப்பாய். அந்தக் கோயில் லென்ஸ் தூரத்தையெல்லாம் நசுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிவிடும் என்று அப்பா பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய்.

இவரைச் சட்டத்துக்குள் வைக்க உனக்கு என்றைக்குமே மனம் வந்ததில்லை. உன் மகள் காதுகுத்துக்கு எடுத்த குடும்பப் படத்தில் இருபத்திரண்டு பேரும் முழுசாக இருக்கிறார்கள். இவருக்கு மட்டும் பாதித் தோள், ஒரு கையே இல்லை. அன்றைக்கு விட்டுப்போன தோளை இன்றைக்கு மண்ணில் சாய்த்துவிட்டாய்.

படத்தை முதலில் கழற்று.

பிரகதாம்பாள்


புதுக்கோட்டை,
9-7-1943

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் அப்பா உயிரோடு எழுந்து வந்து என்னை வைகிற மாதிரி இருந்தது. அவராவது பிறகு காப்பி கொடுப்பார்.

ஆலங்குடியில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, நாடகக் கொட்டகைக்குள் எப்படிப் படம் எடுப்பது என்று எனக்குப் பாடம் நடத்துகிறாய். அந்தக் கொட்டகைக்குள் நீ காலே வைத்ததில்லை. கேள். கூரை முழுக்கக் கீற்று. வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடி ஒரு சிட்டிகை கொளுத்தினாலும் ஊரோடு எரிந்து போகும் என்று வாசலிலேயே பொடி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே நான்கு பல்பு, இரண்டு பெட்ரோமாக்ஸ். அதிலும் ஒன்று இருமிக்கொண்டே இருந்தது. யுத்தத்தால் படம் பதியும் கண்ணாடி பிளேட் கிடைப்பதில்லை. என்னிடம் மொத்தம் ஆறுதான். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தாலும் விநாடியில் எட்டில் ஒரு பங்காவது வெளிச்சம் விட வேண்டும். அதற்குள் ஒருவன் காலை ஆட்டினால் பிளேட்டில் கால் இருக்காது, புகைதான் இருக்கும். ஆகவே இரண்டு பேரும் பிடியில் இறுகி அசையாமல் நிற்கும் நேரத்துக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அரைமணியில் அப்படி மூன்றே தடவை வந்தது.

லென்ஸை அவ்வளவு திறந்தால் ஒரு சாண் ஆழத்துக்குத்தான் படம் கூர்மையாக விழும். எதைக் கூர்மையாக வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நான் தோளை வைத்தேன். உன் வீட்டுக்காரரின் முகம் எதிராளியின் கக்கத்துக்குள் போயிருந்தது. நல்லவேளை.

நான் எங்கே இருந்தேன், எந்த லென்ஸ் போட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. நீ முடிவு செய்துவிட்டுக் கேட்கிறாய். அதையே வைத்துக்கொள்.

படத்தைக் கழற்ற மாட்டேன். இந்தச் சமஸ்தானத்தில் வெயிலில்லாமல், பொடியில்லாமல், கூரைக்குக் கீழே நடந்த ஆட்டத்தை இவ்வளவு சுத்தமாக இதுவரை யாரும் எடுத்ததில்லை. அதற்காக மாட்டியிருக்கிறேன். உள்ளே கிடப்பவர் என் மச்சான் என்பது என் குற்றமல்ல.

இன்னொன்று. இந்தப் படம் போன மாதம் உன் கை வழியாகத்தான் போயிற்று. கல்யாணப் படங்களோடு கலந்து வந்த நாற்பதில் இதுவும் ஒன்று. நீதான் டச்சிங் செய்தாய். கட்டின புருஷனைக்கூட அடையாளம் தெரியாத கண், லென்ஸைப் பற்றிப் பேசுகிறது.

ஆத்மநாதன்


ஆலங்குடி,
13-7-1943

தம்பிக்கு,

அடையாளம் தெரியவில்லைதான். தெரியக்கூடாது. டச்சிங் செய்கிறவள் படத்தைத் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். நேராக வைத்தால் கண் மூக்கைப் பார்க்கும், நகையைப் பார்க்கும், புள்ளியைப் பார்க்காது. தலைகீழாக வைத்தால் கருப்பும் வெளுப்பும்தான். இதுகூட உனக்கு மறந்து போயிற்று. உன்னால் ஐந்து நிமிஷம் பொறுமையாக உட்கார முடியாது என்றுதானே அப்பா தூரிகையை என் கையில் கொடுத்தார். தூரிகை எனக்கு, ஸ்டுடியோ உனக்கு. ஆண் பிள்ளை என்ற ஒரே தகுதி.

அதுவும் உன் டார்க் ரூமிலிருந்து வருகிற படங்கள்! நெகடிவில் அவ்வளவு தூசி. மணமகள் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி, மாப்பிள்ளை தலைப்பாகையில் வெள்ளை நூல். நாற்பது படத்திலும் நான் மையால் மூடி மூடித்தான் உன் மானம் நிற்கிறது. ஒரு நாள் தரையைக் கழுவிவிடு.

இவர் குஸ்தியை நான் நேரிலும் பார்ப்பதில்லை, படத்திலும் பார்ப்பதில்லை. ஆனால் கோணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு தட்டில் இட்லி இருக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் இட்லி தட்டோடு ஒட்டித்தான் தெரியும். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று தெரியும். நீ மேலே நாற்காலியில் இருந்துகொண்டு, தோள் மண்ணில் பட்டது என்கிறாய். மேலே இருப்பவனுக்கு எல்லாம் பட்ட மாதிரிதான் தெரியும்.

படத்தின் எல்லையை நீ எப்படிப் போட்டாய் என்பதையும் கேள்விப்பட்டேன். ரெங்கசாமி பக்கத்தில் குனிந்து கையைத் தூக்கிக்கொண்டிருந்தாராம். படத்தில் அவரே இல்லையாம். சாட்சியை வெளியே தள்ளிவிட்டுப் பிணத்தைப் படம் எடுத்திருக்கிறாய்.

இதையெல்லாம் உன்னைத் திட்டுகிற ஆசையில் எழுதவில்லை. அந்த ஆசையும் இருக்கிறது. ஆனால் முந்தாநாள் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பட்டிருக்கும்போல ஆத்தா. நாந்தான் மறந்துட்டேன்."

"ஒங்க முதுகுக்குத் தெரியாதா?" என்றேன்.

"அரைமணி நேரம் பொரண்டா முதுகு பூரா மண்ணுதான். முதுகுக்கு என்ன தெரியும்? படத்துல இருக்கே. படம் பொய்யா சொல்லும்?"

முதலில் கோபமாக இருந்தார், அது நன்றாக இருந்தது. இப்போது உன் படத்தை நம்ப ஆரம்பித்துவிட்டார். கமிட்டி முன்னால் போய் நிற்க மாட்டாராம், திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், அங்கே தோளைக் கேட்க மாட்டார்களாம். முப்பத்துநாலு வயசில் பர்மாப் பக்கம் போய்ச் சாகப் பார்க்கிறார்.

எனக்கு ஒரு பிரிண்டு அனுப்பு. நான் நேராக வைத்துப் பார்க்கிறேன். உடனே அனுப்பு.

பிரகதாம்பாள்


புதுக்கோட்டை,
22-7-1943

அக்காவுக்கு,

உடனே என்றாய். எனக்கும் வேலை இருக்கிறது. ஒன்பது நாள் ஆயிற்று. உன் கடிதத்தில் இட்லி வரைக்கும் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டுவிட்டேன், அதுதான் உண்மை. நேற்றுதான் மீதியைப் படித்தேன்.

மச்சானிடம் சொல். பட்டாளத்தில் சேருவதென்றால் என் படத்தைக் காரணம் காட்ட வேண்டாம். எண்ணெய் தேய்த்து வளர்த்த உடம்புக்கு ஒரு படத்தைத் தாங்கும் தெம்பு இல்லையென்றால் துப்பாக்கியை எப்படித் தாங்கும்?

ரெங்கசாமியை ஏன் வெட்டினேன் என்று கேட்டாய். அவரைச் சேர்த்தால் கழுத்து வரைக்கும்தான் சட்டத்துக்குள் விழுவார். தலையில்லாமல் ஒரு ஆளைப் படம் எடுத்து மாட்டினால் மறுநாள் அவர் பெண்டாட்டி என் வாசலில் மண்ணை வாரித் தூற்றுவாள். அப்பா காலத்திலிருந்து தலையையோ காலையோ வெட்டிப் படம் எடுத்ததில்லை. ஆளையே விடுவோம், அரை ஆளை வைக்க மாட்டோம்.

காதுகுத்துப் படத்தைச் சொல்லிக் காட்டாதே. அது வேறு.

கேட்ட பிரிண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையே கழற்றி அனுப்புகிறேன். கழற்ற வேண்டும் என்று நீ சொன்னதற்காக அல்ல, புதிதாகப் போடப் பேப்பர் இல்லை. இதைப் பார்த்து, காமிரா தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நீயே சொல். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஆத்மநாதன்


ஆலங்குடி,
25-7-1943

ஆத்மநாதா,

பார்சல் நேற்று மத்தியானம் வந்தது. நேராக வைத்துப் பார்த்தேன்.

களத்தைச் சுற்றின கரைமண் மலை மாதிரி முன்னால் நிற்கிறது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களின் முழங்கால் கண் மட்டத்தில் இருக்கிறது. ஒரு சாண். ஒரு சாண்தான் உயரம். ஸ்டாண்டே கிடையாது. மெத்தை நாற்காலியில் நீ உட்காரவில்லை. காமிராவை மண்ணில் வைத்துவிட்டு குப்புறப் படுத்திருக்கிறாய். கோயில் லென்ஸும் இல்லை. பக்கத்தில் போய், அப்பா கல்யாணப் படங்களுக்கு வைத்திருந்த லென்ஸில் எடுத்திருக்கிறாய். அவர்கள் உருண்டு உன்மேல் விழுந்திருந்தால் காமிராவும் போயிருக்கும், நீயும் போயிருப்பாய்.

நான் எழுதினது அத்தனையும் தப்பு. இதை எழுத என் கை கூசுகிறது.

ஆனால் இதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. நீ நாற்காலியில் இருந்து எடுத்திருந்தால் படத்தைக் குறை சொல்லலாம். இவ்வளவு தாழ இருந்து எடுத்தும் தோளுக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் இல்லையென்றால், தோள் பட்டதுதான். இவர் தோற்றதுதான். இவர் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். இடது தோள் மண்ணில் அழுந்தியிருக்கிறது. வலது தோளுக்குக் கீழே பார்த்தேன். மண் என்றால் பொடிப் பொடியாக இருக்க வேண்டும். அங்கே மட்டும் வழவழவென்று கருப்பாக இருந்தது, இரண்டு விரற்கடை நீளத்துக்கு. பக்கம் பக்கமாகச் சின்னச் சின்னத் தூரிகை இழுப்பு, இடமிருந்து வலமாக, கடைசியில் ஒரு மேல் தூக்கல். அந்த மேல் தூக்கலை எனக்குத் தெரியும். இந்தச் சமஸ்தானத்தில் வேறு யாரும் தூரிகையை அப்படித் தூக்க மாட்டார்கள்.

பஞ்சை நனைத்து ஒரு ஓரத்தை மட்டும் ஒற்றினேன். மை கரைந்தது. கீழே வெள்ளைக் கோடு. எதிர்ப்பக்கத்துக்காரர்களின் வெள்ளை வேட்டி அந்த இடுக்கு வழியாகத் தெரிகிறது. தோள் மண்ணில் படவில்லை.

நான்தான் மூடினேன். தலைகீழாக வைத்துக்கொண்டு, உன் டார்க் ரூமிலிருந்து வந்த இன்னொரு தூசி, இன்னொரு நூல் என்று நினைத்து, உன்னைத் திட்டிக்கொண்டே மூடியிருக்கிறேன். எவ்வளவு சுத்தமாக மூடியிருக்கிறேன் தெரியுமா? என் புருஷன் தோளை நான் மண்ணில் அமுக்கியிருக்கிறேன்.

அவரிடம் காட்ட ஓடினேன். வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு முனியாயி சொன்னாள்: "காலையிலயே மஞ்சப் பையோட போனாக. திருச்சிக்குன்னு சொன்னாக. ஒங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. கீரமங்கலம் சந்தைக்குப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொன்னார்.

பிளேட்டைப் பத்திரமாக எடுத்து வை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கமிட்டிக்கு நானே வருகிறேன். அதற்கு முன்னால் அவரைப் பிடி. உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன் என்றிருந்தவள் கேட்கிறேன்.

அக்கா


புதுக்கோட்டை,
26-7-1943

அக்காவுக்கு,

பிளேட்டை எடுத்துப் பார்த்தேன். கோடு இருக்கிறது. மை இல்லாமல் புதிதாக இரண்டு பிரிண்டு போட்டேன். பேப்பர் இருந்தது. இல்லை என்று எழுதியது பொய்.

நீ மட்டும் அறிவாளி, நீ மட்டும் குற்றவாளி என்று முழுசையும் உன் பேரில் எழுதிக்கொள்ளாதே. அந்த நேரத்தில் நான் மண்ணில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். வலது தோளுக்குக் கீழே வெளிச்சத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் ஷட்டரை அழுத்தினேன். டச்சிங் முடிந்து பிரிண்டு திரும்பி வந்தபோது வெளிச்சம் இல்லை. பிளேட்டை எடுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. என் கண்தான் ஏமாந்திருக்கும், மச்சான் தோற்றுத்தான் இருப்பார் என்று விட்டுவிட்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியத்தோடுதான் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினேன்.

தரையில் படுத்து எடுத்தேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நீ அன்றைக்கே பிரிண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பாய். உனக்குப் பதில் சொல்வதா என்ற திமிர். பிரிண்டை ஒன்பது நாள் தாமதப்படுத்தியதும் அதே திமிர்தான்.

திருச்சிக்கு இன்று முதல் பஸ்ஸில் போகிறேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற வண்டிதான், வழியில் எத்தனை தடவை நிற்குமோ. இரண்டாம் தேதி காலையில் நீ நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வா. பஞ்சு கொண்டு வா.

ஆத்மநாதன்


புதுக்கோட்டை,
7-8-1943

அக்காவுக்கு,

கமிட்டி கூடின அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். மீதியை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மற்றது. மச்சான் பெயருக்கு உத்தரவு நேற்று என் ஸ்டுடியோவுக்கு வந்தது. தேகப்பயிற்சி வாத்தியாராக நியமித்திருக்கிறார்கள், பத்து நாளைக்குள் வந்து சேர வேண்டுமாம். கமிட்டிக்காரர்கள் முன்னால் நீ படத்தை மேஜையில் வைத்து மிச்ச மையை ஈரப் பஞ்சால் துடைத்தபோது, தலைவர் நல்லதம்பி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யாரு இந்த மையை வச்சது?" என்று கேட்டார். நீ அவர் முகத்தைப் பார்த்து, "நாந்தாங்க. என் கைதான்" என்றாய். "ஒம் புருசனுக்கு எதிரா நீயே வச்சியா?" என்று ஒருவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை, அழவுமில்லை. எனக்கு அந்த ஆளின் பல்லைப் பெயர்க்க வேண்டும் போல இருந்தது. எனக்குத்தான் உடம்பில் பலம் இல்லை. உத்தரவைத் திருப்பி அனுப்பவா, நீயே வாங்கிக்கொள்கிறாயா என்று எழுது.

திருச்சியில் நடந்தது இது. இருபத்தாறாம் தேதியே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வண்டி வழியில் மூன்று தடவை நின்றது, நான் போய்ச் சேர்ந்தது இருபத்தேழு. பட்டாள ஆபீஸ் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றார். தலையை மழித்திருந்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தார்.

"எங்க இங்கிட்டு? இங்கயும் படம் எடுக்க வந்துட்டியா?" என்றார்.

புதுப் பிரிண்டைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். வெள்ளைக் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், அழிகிறதா என்று. அழியவில்லை.

"அப்ப பொய் சொன்னது எம் முதுகு இல்ல."

"இல்ல மச்சான்."

"நேத்து வந்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பேன்டா" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "யாரு மையை வச்சது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்னையத்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் பிரிண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரிசைக்குப் போனார். மறுநாள் ரயில்.

நல்லது செய்தேனா என்று தெரியவில்லை. என்னை இகழ்ந்து அவருக்குப் பழக்கம், உன்னை இகழ்ந்து பழக்கமில்லை. போகிற இடத்தில் அவருக்கு ஒரு பழக்கமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். மாற்றிச் சொல்வதென்றால் நீயே சொல். நான் தடுக்க மாட்டேன்.

இத்துடன் ஒரு படம் இருக்கிறது. காதுகுத்துப் படம்தான். பிளேட்டில் அவர் முழுசாக இருக்கிறார், அக்கா. இரண்டு தோள், இரண்டு கை, எல்லாம் உள்ளேதான். கண்ணாடிச் சட்டத்துக்குப் பெரிதாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, கத்தரிக்கோலால் அந்த ஓரத்தை வெட்டினது நான். அரை ஆளை வைக்க மாட்டோம் என்று உனக்கு உபதேசம் வேறு எழுதினேன். இது வெட்டாத பிரிண்டு. இதிலும் அவர் லட்சணமாக இல்லை, அது என் லென்ஸின் குற்றமல்ல.

டார்க் ரூம் தரையைக் கழுவிவிட்டேன். அப்படியும் புள்ளிகள் இருக்கின்றன. உன்னைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. இதை மட்டும் தலைகீழாக வைக்காமல் செய்.

ஆத்மநாதன்


ஆலங்குடி,
13-8-1943

தம்பிக்கு,

உத்தரவை நானே வாங்கிக்கொள்கிறேன். பத்து நாளில் சேர முடியாது, திரும்பி வந்ததும் சேருவார் என்று நல்லதம்பிக்கு எழுதிப் போட்டேன். அதுவரைக்கும் வைத்திருப்பார்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. வைத்திருக்க மாட்டார்கள்.

நீ சொன்ன பொய்யை நான் உடைத்துவிட்டேன். இவர் ரெஜிமெண்டு விலாசம் கிடைத்ததும் முதல் வேலையாக, மை என் கை என்று எழுதிவிட்டேன். உன் தயவில் நல்லவளாக இருக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்கு இகழ வேண்டுமென்றால் சரியான ஆளை இகழட்டும். நீ சொன்னது நல்ல மனசோடு சொன்னதுதான். அதுவும் எனக்குத் தெரிகிறது, எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது.

காதுகுத்துப் படத்தை முடித்து அனுப்பியிருக்கிறேன். சமையலறை ஜன்னல் ஓரம் நேராக வைத்துக்கொண்டுதான் செய்தேன். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. இருபத்திரண்டு பேர் முகத்திலும் இருந்த புள்ளிகளை மூடிவிட்டேன். காமிராவை வைத்துவிட்டு ஓடி வந்து நின்ற உன் மூக்கில் ஒன்று இருந்தது, அதையும் மூடினேன்.

ஓரத்தில் இவர் வலது தோளில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. தூசிதான், நிச்சயமாகத் தூசிதான். அதை மட்டும் தொடவில்லை.

பிரகதாம்பாள்